ஊமைக் காயமும் நம் கடமையும்

(யூபிலி ஆண்டு நிகழ்ச்சிகளுள் ஒன்றாக, ஞாயிறு மாலை கோவில் வளாகத்தில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்குச் சாமியார் விவிலியத்தைப் பற்றிப் பேசுவார், யூபிலிக் கணக்கு வழக்கைப் பற்றிப் பேசுவார். வயிற்றில் அடிபட்டவர்களைப் பற்றிப் பேச இவருக்கு என்ன வந்தது என்று உங்களுள் சிலர் எண்ணலாம். நான் மருத்துவன் அல்லன். ஆனால் ஒரு வீட்டில் விபத்து என்றால், உறவினருக்கு அடுத்தபடியாகச் செய்தி வருவது பங்கு இல்லத்துக்குத்தான். நோயில்பூசுதல் கொடுக்கப் போவேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சொன்னதை வீட்டாருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் வேலையும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அப்படிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, நம் பங்கிலுள்ள டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் காட்டித் திருத்தி வாங்கிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறேன்.

நான் சொல்லவிருப்பது ஒன்றே ஒன்று. வெளியே காயம் தெரியவில்லை என்பதால் உள்ளே காயம் இல்லை என்று ஆகிவிடாது. நம் ஊர்ப் பக்கம் இதற்கு ஓர் அருமையான பெயர் வைத்திருக்கிறார்கள்: ஊமைக் காயம். பேசத் தெரியாத காயம். வயிற்றில் படும் ஊமைக் காயம் மெல்ல மெல்லத்தான் பேசத் தொடங்கும். அது பேசும்வரை நாம் பொறுமையாகப் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

ஏன் இந்த ஊரில் இதைப் பேச வேண்டும்?

சேலத்திலிருந்து கோவைக்குப் போகும் நெடுஞ்சாலை பவானி, சித்தோடு, பெருந்துறை என்று நம் மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. இரவு பகல் என்று லாரிகள் ஓய்வதில்லை. விடியுமுன் மொபெட்டில் இருபுறமும் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர்கள், ஜவுளிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகிறவர்கள், இரவு ஷிப்டு முடித்துத் தறிப் பட்டறையிலிருந்து தூக்கக் கண்ணோடு சைக்கிளில் திரும்புகிறவர்கள் எல்லாரும் நம் மக்களே. சாலை மட்டுமா? தென்னை மரத்திலிருந்து விழுகிறவர்கள், மாடு முட்டியவர்கள், கிணற்று மேட்டில் சறுக்கியவர்கள், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார்கள் என்று பட்டியல் நீளும். தலையில் அடிபட்டால் உடனே பயப்படுகிறோம். கால் முறிந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. வயிற்றில் அடிபட்டால் மட்டும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, “ஒண்ணும் ஆகலீங்க” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

வயிறு ஏன் ஏமாற்றுகிறது?

மார்புக்கு எலும்புக் கூடு உண்டு. மூளைக்கு மண்டையோடு உண்டு. வயிற்றுக்கு முன்புறம் வெறும் தசைச் சுவர்தான். அந்தச் சுவர் வளைந்து கொடுத்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இராது. ஆனால் அடியின் வேகம் உள்ளே போய்விடும். உள்ளே கல்லீரல், மண்ணீரல் போன்ற கெட்டியான உறுப்புகள் இருக்கின்றன. அவை கிழிந்தால் இரத்தம் கசியும். குடல், இரைப்பை, சிறுநீர்ப்பை போன்ற உட்குழிவான உறுப்புகள் இருக்கின்றன. அவை கிழிந்தால் உள்ளிருக்கும் அழுக்கு வெளியேறி வயிற்றறை முழுவதும் சீழ் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, கணையமும் சிறுநீரகங்களும் ஒளிந்திருக்கின்றன. அங்கே என்ன நடந்தாலும் முன்பக்கம் கைவைத்துப் பார்த்தால் எளிதில் தெரியாது.

வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. வயிற்றறைக்குள் ஒன்றரை லிட்டர் கசிந்த பிறகும் வயிறு பார்வைக்குப் பெரிதாக உப்பாமல் இருக்கக்கூடும். அதிலும் இளைஞர்களுடைய உடல் கடைசிவரை தாக்குப் பிடிக்கும். நாடி வேகமாகும், கை கால் சில்லிடும், ஆனால் இரத்த அழுத்தம் மட்டும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். பிறகு திடீரென்று அணை உடைந்தாற்போல் விழும். ஆகவே “பிரஷர் நார்மல்” என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதி அடையலாகாது.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். பால் ஊற்றப் போன ஒரு வாலிபன் நாய் குறுக்கே வந்ததால் மொபெட்டோடு விழுந்தான். ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. எழுந்து, மிச்சமிருந்த பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். மாலையில் இடது தோள் வலிக்கிறது என்றான். விழுந்ததில் சுளுக்கியிருக்கும் என்று அவனுடைய ஆத்தா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். இரவு எழுந்து வெளியே போனவன் வாசற்படியில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. மண்ணீரல் கிழிந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவனை அடக்கம் செய்தது நான்தான்.

அந்த ஆத்தாவைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. தோள் வலித்தால் தோளைத்தானே எவரும் தேய்த்துவிடுவோம்? ஆனால் அந்தத் தோள் வலிக்கு ஒரு பொருள் இருந்தது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹான்ஸ் கேர் என்பவரின் பெயரால் அந்த அடையாளத்தை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். மண்ணீரலிலிருந்து கசிந்த இரத்தம் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள உதரவிதானம் என்னும் தசைத் திரையின் அடியில் தேங்குகிறது. அந்தத் திரைக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. தோளுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியிலிருந்து புறப்படுபவை. அதனால் வயிற்றுக்குள் எரிவதை மூளை தோளில் எரிவதாக எடுத்துக்கொள்கிறது. தோளில் அடிபடாமலே தோள் வலித்தால், வயிற்றைப் பாருங்கள்.

அரிதாக வருபவை, ஆனால் மறக்கக் கூடாதவை

மண்ணீரல் கிழிவது அவ்வளவு அரிதன்று. அரிதாக வருபவை வேறு சில உண்டு. அரிது என்பதாலேயே அவை தவறிப் போகின்றன. ஐந்தாறை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளின் சைக்கிள். குழந்தை விழும்போது ஹேண்டில்பாரின் முனை தொப்புளுக்கு மேலே குத்துகிறது. கணையம் முதுகெலும்பின்மீது நசுங்குகிறது. முதலில் வலிக்கும், பிறகு தணியும், பிள்ளை விளையாடக்கூடப் போய்விடும். சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து வலி முதுகுவரை திரும்ப வரும். தொடக்கத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைகூடச் சில வேளை சரியாகவே இருக்கும். வாரங்கள் கழித்து வயிற்றில் நீர்க்கட்டியாகக் கிளம்புவதும் உண்டு. இதே குத்து முன்சிறுகுடலின் சுவரில் இரத்தக் கட்டை உண்டாக்கிக் குடலை அடைத்துவிடும். அந்தப் பிள்ளை ஓரிரு நாள் கழித்துப் பச்சையாக வாந்தி எடுக்கத் தொடங்கும். “நேத்துச் சாப்பிட்டது சேரலை” என்று நாம் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். வாந்தி எடுக்கும் பிள்ளையிடம் “இந்த வாரம் எங்கேயாவது விழுந்தாயா, கண்ணு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அடி வாங்குவோம் என்ற பயத்தில் மறைத்திருப்பான், திட்டாமல் கேளுங்கள்.

இரண்டாவது, காரில் கட்டும் சீட் பெல்ட். பெல்ட் உயிர் காக்கும் சாதனம். அதில் ஐயமே வேண்டாம். ஆனால் இடுப்பெலும்பின்மீது படிய வேண்டிய பட்டை வயிற்றின்மீது ஏறிக் கிடந்தால், மோதும்போது குடலும் குடலைத் தாங்கும் சவ்வும் முதுகெலும்போடு நசுங்கும். வயிற்றின் குறுக்கே பட்டைபோல் கன்றிய கோடு தெரிந்தால் டாக்டர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. குடலையும் முதுகெலும்பையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள். குடலில் விழுந்த சிறு ஓட்டை முதல் சில மணி நேரத்தில் ஸ்கேனில்கூடத் தெரியாமல் போகலாம்.

மூன்றாவது, உதரவிதானம் கிழிதல். மோதிய வேகத்தில் இந்தத் திரை கிழிந்து, இரைப்பையும் குடலும் மார்புக்குள் ஏறிவிடும், பெரும்பாலும் இடதுபுறம். சிறிய கிழிசலானால் அன்று ஒன்றும் தெரியாது. மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்துக் குடல் அந்த ஓட்டையில் சிக்கிக்கொள்ளும். 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் அம்புரோசு பாரே இதை எழுதி வைத்திருக்கிறார். குண்டடிபட்டுப் பிழைத்த ஒரு படைத்தலைவர் பல மாதங்களுக்குப் பின் வயிற்று வலியால் இறந்தார். பிரேதத்தைச் சோதித்தபோது திரையிலிருந்த சிறு துளைக்குள் குடல் மாட்டி அழுகியிருந்ததாம். ஆகவே என்றோ நடந்த விபத்தையும் டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

நான்காவது, நிறைந்த சிறுநீர்ப்பை. நெடுநேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு பிரயாணம் செய்கிறவர் மோதலுக்கு ஆளானால், நிறைந்த பை வெடித்துவிடக் கூடும். அடிவயிறு வலிக்கும், சிறுநீர் கழிக்க வேண்டும்போல் இருக்கும், வராது, வந்தாலும் இரத்தமாக வரும்.

ஐந்தாவது, அடி சிறியது, சேதம் பெரியது என்னும் வகை. இடித்தது லேசாகத்தான், ஆனால் சிறுநீரில் இரத்தம் வருகிறது என்றால், அந்தச் சிறுநீரகத்தில் முன்பே கட்டியோ நீர் அடைப்போ இருந்திருக்கலாம். மலேரியா போன்ற நோய்களால் வீங்கிய மண்ணீரல் சின்ன அடிக்கே கிழியும். நாய்களும் ஆடுகளும் வழியாகப் பரவும் ஒருவகை நாடாப்புழுவால் கல்லீரலில் நீர்க்கட்டி உண்டாவதுண்டு. அது அடிபட்டு உடைந்தால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரக்கூடும். அடிக்கும் சேதத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், பழைய நோய் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர்கள் தேடத் தொடங்குவார்கள்.

ஆறாவது, கர்ப்பிணிகள். தாய்க்கு ஒன்றும் ஆகாமலிருக்கலாம்; ஆனால் கருப்பைச் சுவரிலிருந்து நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கியிருக்கலாம். விழுந்த கர்ப்பிணி எழுந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சில மணி நேரமாவது குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தே அனுப்புவார்கள். போகும் வழியில் இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

திருத்தந்தையின் கட்டிலருகே

உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சி இதற்குப் பாடமாக இருக்கிறது. 1981 மே 13 அன்று மாலை, புனித பேதுரு சதுக்கத்தில் மக்கள் நடுவே வண்டியில் வந்துகொண்டிருந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுடப்பட்டார். குண்டு வயிற்றைத் துளைத்தது. உரோமையிலுள்ள ஜெமெல்லி மருத்துவமனையில் டாக்டர் பிரான்செஸ்கோ குருச்சித்தியின் குழுவினர் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை செய்தார்கள். பெருங்குடலிலும் சிறுகுடலிலும் பல இடங்களில் காயம். குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஏராளமான இரத்தம் ஏற்றினார்கள். பெரிய இரத்தக் குழாயைக் குண்டு மயிரிழையில் தவறவிட்டிருந்தது. ஜூன் 3-ஆம் தேதி அவர் இல்லம் திரும்பினார். எல்லாரும் நன்றி கூறினோம். விஷயம் முடிந்தது என்றே எண்ணினோம்.

முடியவில்லை. காய்ச்சல் வந்தது, தணியவில்லை, உடல் மெலிந்தது. ஜூன் 20 அன்று மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் குண்டடிபட்டவருக்குக் காய்ச்சல் என்றால் எவருக்கும் முதலில் தோன்றுவது என்ன? உள்ளே எங்கேயோ சீழ் பிடித்திருக்கிறது, மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான். ஆனால் மருத்துவர்கள் பொறுமையாகத் தேடினார்கள். கடைசியில் கண்டுபிடித்தது சைட்டோமெகலோ வைரஸ் என்னும் கிருமியை. ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே அது வந்திருக்கும் என்று கருதினார்கள். காயத்தில் கோளாறு இல்லை. காயத்துக்குச் செய்த உதவியோடு கூட வந்த விருந்தாளி அது. அது தணிந்தபின், ஆகஸ்டு 5-ஆம் தேதி இரண்டாம் அறுவை செய்து குடலை ஒழுங்குபடுத்தினார்கள். ஆகஸ்டு 14-ல் வீடு திரும்பினார். அந்த மனிதர்தான் 1986 பிப்ரவரி 5 அன்று சென்னைக்கு வந்து நம் மக்கள் நடுவே நின்றார்.

உலகத்தின் தேர்ந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்த ஒருவருக்கே இரண்டாம் முறை, மூன்றாம் முறை தேட வேண்டியிருந்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே தடவை பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. ஹாரி ஹூடினி என்னும் பெயர்பெற்ற மாயவித்தைக்காரருக்கு 1926 அக்டோபரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு மாணவன் வயிற்றில் குத்துவிட்டான். அதன்பின் வலி. குத்துப்பட்ட வயிறு வலிக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டார் போலும். கடுங்காய்ச்சலோடு டெட்ராய்ட் நகரில் மேடையேறினார். அறுவை செய்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. அக்டோபர் 31 அன்று இறந்தார். குத்தினால்தான் குடல்வால் வெடித்ததா என்று மருத்துவர்கள் இன்றும் ஐயுறுகிறார்கள். குத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தக் குத்து நோயை மறைத்த திரையாக மட்டும் இருந்திருக்கலாம்.

குருமடத்தில் எங்களுக்குத் தருக்க நூல் நடத்தியபோது ஒரு விதியை மனப்பாடம் செய்யவைத்தார்கள்: ஒன்றுக்குப் பின் மற்றொன்று வந்தது என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டாதே. பரீட்சைக்காகப் படித்தோம். மருத்துவமனையில் அந்த விதி உயிர் காக்கிறது. விபத்து நடந்தது, வயிறு வலிக்கிறது, ஆகவே விபத்தின் வலி என்று மூடி வைத்துவிட்டால், குடல்வால் நோயும் தப்பிப் போகும். பழைய வயிற்றுப் புண்தான் என்று மூடி வைத்தால், விபத்தின் காயம் தப்பிப் போகும். இரண்டு கதவையும் திறந்து வைத்திருப்பவரே நல்ல வைத்தியர்.

இயந்திரமும் மனிதக் கண்ணும்

இன்று கருவிகள் வந்துவிட்டன. இங்கிலாந்தின் பொறியாளர் ஹவுன்ஸ்பீல்டு கண்டுபிடித்த சி.டி. ஸ்கேன் 1971-ல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. 1979-ல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விபத்துப் பிரிவில் கட்டிலருகிலேயே அல்ட்ரா சவுண்ட் கருவியை வைத்து நான்கு இடங்களைச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள்: இதயத்தைச் சுற்றி, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் இடையே, அடிவயிற்றில் சிறுநீர்ப்பையைச் சுற்றி. அங்கே இரத்தம் தேங்கியிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் குடலில் சிறு ஓட்டை, கணையக் காயம், பின்புறக் கசிவு ஆகியவற்றை அது நம்பிக்கையாகக் காட்டாது. சி.டி. இன்னும் நன்றாகக் காட்டும். அதுவும் மிக ஆரம்பத்தில் எடுத்தால் சிலவற்றைத் தவறவிடும்.

ஆகவேதான் ஸ்கேன் சரியாக இருந்த பிறகும் “இருபத்துநான்கு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும்” என்று டாக்டர் சொல்கிறார். நர்ஸ் அடிக்கடி வந்து நாடி பார்ப்பார், வயிற்றில் கைவைத்துப் பார்ப்பார், சிறுநீரை அளப்பார். “ஒண்ணுமே செய்யாம சும்மா படுக்க வெச்சிருக்காங்க சாமி, பில் ஏத்தறதுக்குத்தான்” என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் உண்டு. சும்மா இருப்பதன்று அது. திரும்பத் திரும்பப் பார்ப்பதே அங்கே வைத்தியம்.

இன்னொன்று. முன்பெல்லாம் மண்ணீரல் கிழிந்தால் எடுத்து எறிந்துவிடுவார்கள். 1952-ல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், சிறு வயதில் மண்ணீரல் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித் தாக்குதல் வருவதைக் கண்டு எழுதினார்கள். அதன்பின் மெல்ல மெல்ல வழக்கம் மாறியது. இன்று நாடியும் அழுத்தமும் நிலையாக இருந்தால், கத்தி வைக்காமல் படுக்கையில் வைத்துக் கவனித்தே பலரைக் குணமாக்குகிறார்கள். அப்படிப்பட்டவரை மூன்றாம் நாளே “நல்லாத்தானே இருக்கான்” என்று கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடாதீர்கள். சில நாள் கழித்தும் அது மீண்டும் கசியலாம். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களோ, டாக்டர் சொல்லும் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

இனி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பகுதி. இளைஞர் மன்றத்தார் குறித்துக்கொள்ளுங்கள்.

சாலையில்: அடிபட்டவருக்குச் சோடா, தண்ணீர், டீ எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், அறுவை தேவைப்பட்டால் அதுவே ஆபத்து. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். கம்பி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். மாடு குத்திக் குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத் துணியால் மூடுங்கள். உடம்பைப் போர்வையால் கதகதப்பாக வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தார், எது குத்தியது, எங்கே உட்கார்ந்திருந்தார், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்று சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் அவசியம் சொல்லுங்கள். சிறு கசிவும் நிற்காது. இதயத்துக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் நாடி வேகத்தையே அடக்கிவைத்து டாக்டரை ஏமாற்றும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். குடித்திருந்தால் மறைக்காதீர்கள். மானம் போகும் என்று மறைப்பதால் உயிர் போகலாம். போதையில் இருப்பவருக்கு வலி தெரியாது என்பதை டாக்டர் கணக்கில் எடுக்க வேண்டும். தலையில் அடிபட்டு நினைவிழந்தவரும், தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி இழந்தவரும் வயிறு வலிக்கிறது என்று சொல்ல இயலாதவர்கள். அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டும்.

அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து, மோசமானவரை முதலில் பார்க்கிறார்கள். பச்சையில் உட்காரவைக்கப்பட்டவர் வியர்த்து வெளிறினால், சண்டை போடாமல், ஆனால் தயங்காமல், நர்சிடம் சொல்லுங்கள். நிறம் மாறும்.

வீட்டில்: அனுப்பிவைத்த பிறகும் சில நாட்கள் கவனியுங்கள். வலி குறையாமல் கூடுதல், வாந்தி, வயிறு உப்புதல், தோள் வலி, எழுந்தால் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், கறுத்த மலம் இவற்றுள் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் திரும்பப் போங்கள்.

பணத்துக்கும் போலீசுக்கும் பயந்து நின்ற காலம் உண்டு. 108 வண்டி நம் மாநிலத்தில் 2008-ல் ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பரில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் வந்தது. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. உதவி செய்தவரை வழக்கில் இழுத்தடிக்கக் கூடாது என்று 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அதை உறுதி செய்தது. உதவுகிறவர் பெயர்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவரை அந்தச் சட்டம் ‘நல்ல சமாரியன்’ என்றே அழைக்கிறது. லூக்கா எழுதிய உவமை நாட்டின் சட்டத்துக்குள் பெயராகப் போய்விட்டது!

அந்த உவமையில் அடிபட்டவனைக் கண்டு முதலில் விலகிப் போனவர் ஒரு குரு என்பதை நாங்கள் குருக்கள் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் நாம் எல்லாரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு சிறு விவரமும் அதில் இருக்கிறது. சமாரியன் கட்டுப் போட்டுவிட்டு அங்கேயே விட்டுப் போகவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோனான், அன்றிரவு கூடவே இருந்து கவனித்துக்கொண்டான், மறுநாள்தான் புறப்பட்டான். புறப்படும்போதும் காசு கொடுத்து, இன்னும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான். முதல் இரவு பக்கத்தில் இருப்பது, மறுநாள் மறுபடி பார்ப்பது, திரும்பி வருவது! இன்று டாக்டர்கள் ஊமைக் காயத்துக்குச் சொல்லும் வைத்தியமும் ஏறக்குறைய இதுதான்.

இந்த யூபிலி ஆண்டில் கோபுரத்துக்கு வர்ணம் பூசினோம், மணி புதுப்பித்தோம். நல்லதே. கூடவே ஒரு தீர்மானமும் செய்வோம். நம் பங்கில் எந்த வீட்டில் விபத்து நடந்தாலும், அந்த முதல் இரவு அடிபட்டவர் தனியாக இருக்கக் கூடாது. அன்பியத்தார் முறை வைத்துக்கொண்டு இருவராவது கூட இருங்கள், கண் விழித்திருங்கள், மாற்றம் தெரிந்தால் குரல் கொடுங்கள். பேச முடியாத காயத்துக்கு நாம் வாயாக இருப்போம்.

 இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.